இளைப்பு மெஷின்

எங்கள் தெருவில் என்னை இன்னும் கப்பலுக்குப் போய் வந்தவள் என்றுதான் சொல்கிறார்கள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கடலையே பார்க்காதவர்கள் நிறையப் பேர். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாராவது, "கப்பல் எப்டிங்க இருந்துச்சு?" என்று கேட்பார்கள். "நல்லா இருந்துச்சு, பெருசா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்கு மேல் சொல்ல வாய் வராது. கப்பல் என்றால் எனக்குக் கடல் ஞாபகத்துக்கு வருவதில்லை. அறையில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தரையில் மண்டியிட்டுத் தேடியதும், அதைத் தொடர்ந்து நடந்ததும்தான் வரும்.

பைக்குகளுக்கு வயரிங் செட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். நீளமான மேஜையில் வயர்களைப் பரப்பி, முனைகளில் டெர்மினல் என்கிற பித்தளை முனை மாட்டி, சில இடங்களில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து, டேப் சுற்றி அனுப்புவோம். மாட்டிய டெர்மினல் கழன்று வருவது ரொம்ப நாளாக இருந்த தொல்லை. அதைச் சரிசெய்ய எங்கள் லைனில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன மாற்றம் செய்தோம். கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டி ஒன்றில் அதை விளக்கிக் காட்டினோம். முதல் பரிசு வந்தது. எங்கள் கம்பெனிக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து பேரையும் சென்னையிலிருந்து கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

எங்கள் குழுவுக்கு லீடர் மதுரைப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. அப்புறம் பாகலூரிலிருந்து வரும் ஒரு தெலுங்குக்காரப் பெண். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மற்ற இருவரும் பையன்கள், டிப்ளமோ முடித்தவர்கள். நான் ஐந்தாவது ஆள்.

பரிசு அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வீட்டு நினைப்புதான் வந்தது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுவாள். ஆனால் காலையில் எழுந்ததும் பால் வேண்டும், தூங்கப் போகும்போதும் பால் வேண்டும். இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில், கம்பெனி முதலுதவி அறையில் உட்கார்ந்து மெஷினால் பால் எடுப்பேன். பெங்களூரில் இருக்கும் கணவரின் நண்பர் வீட்டில், அவர்கள் குழந்தைக்கு உபயோகித்த மெஷினைக் கொடுத்திருந்தார்கள். பழசு. அதன் பேட்டரி செத்துவிட்டது. பிளக்கில் சொருகினால்தான் ஓடும். 'கொர்ர்... புஸ்...' என்று மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் போடும். ஒரு நாள் பக்கத்து லைன் பெண் ஒருத்தி மாத்திரை கேட்க வந்து கதவைத் திறந்துவிட்டாள். மதியம் கேண்டீனில் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லா சாப்புடு. மெஷின் வெச்சு கறக்கறியே, சொசைட்டிக்கு ஊத்தப் போறியா?" என்றாள். அவள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. அந்த நினைப்பில் வந்த பேச்சுதான். மேஜை முழுக்கச் சிரித்தது. பாகலூர்ப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து மெஷினைக் கொண்டுபோகவில்லை. "பால் குடுக்கறத நிறுத்திட்டன்" என்று எல்லாரிடமும் சொன்னேன். பால் கட்டினால் கழிவறைக்குப் போய்க் கையால் பிழிந்து விட்டுவிடுவேன். ஒரு முறை சரியாக எடுக்காமல் கட்டிக்கொண்டு, குளிர்க் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அந்த வலியை நினைத்தாலே பயம்.

"நான் போகல" என்று வீட்டில் சொன்னேன்.

கணவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறார். "இது மாதிரி இன்னொரு தடவ கூப்புடுவாங்களா? போய்ட்டு வா. கொழந்தய நான் பாத்துக்கறன், உன் தங்கச்சியும் வரட்டும்" என்றார். "அந்த மெஷின எடுத்துனு போ. ரெண்டு வேள எடுத்துட்டா ஒன்னும் ஆவாது."

"பிளக் எங்க இருக்கோ என்னவோ."

"பஸ்டாண்டுலயே செல்லுக்கு சார்ஜ் போட எடம் இருக்குது, அவ்ளோ பெரிய கப்பல்ல இருக்காதா?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீள வயரோடு சுற்றி என் பையில் துணிகளுக்கு அடியில் வைத்தார். சிங்காரப்பேட்டையிலிருந்து தங்கை வந்து சேர்ந்தாள். விடியும் முன்பே மகளை எழுப்பிப் பால் கொடுத்துவிட்டு வேனில் ஏறினேன்.

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். வேலூர் தாண்டும்போதே நெஞ்சு கனக்க ஆரம்பித்திருந்தது. விமான நிலையத்தில் இருப்பது போலப் பைகளை எல்லாம் மெஷினுக்குள் அனுப்பினார்கள். மற்றவர்களின் பைகள் வந்தன. என் பை மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டது.

"இந்த ப்ளூ பை யாருது?"

கை தூக்கினேன். காக்கி உடுப்பில் இருந்தவர் எல்லார் முன்னாலும் ஜிப்பைத் திறந்தார். என் உள்பாவாடை, நைட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வெளியே எடுத்தார். "இது உள்ள போகக் கூடாதும்மா. கப்பல்ல தீப்பிடிக்கும்னு ரூல். எறங்கும்போது வாங்கிக்கங்க" என்றார். வெட்கம் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து அவர் கை மெஷினைத் தொட்டது. துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். புனல் மாதிரி இருந்த பிளாஸ்டிக் மூடி உருண்டு ஓரத்துக்கு வந்தது.

"இது இன்னா மெஷின்?"

எனக்குப் பின்னால் லீடர், இரண்டு பையன்கள், பாகலூர்ப் பெண், அவர்களுக்கும் பின்னால் முன்பின் தெரியாத குடும்பங்கள். என் காது சூடாகிவிட்டது.

"இளைப்பு மெஷின் சார்" என்றேன். "எனக்கு வீசிங் இருக்குது."

பக்கத்தில் ஒரு பெண் காவலர் நின்றிருந்தார். புனலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தானே மெஷினை எடுத்துப் பைக்குள் வைத்து, துணிகளை மேலே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். தலை நிமிராமல் பையை வாங்கிக்கொண்டேன்.

லீடர் ஓடி வந்தார். "ஏம்மா, ஒனக்கு வீசிங் இருக்கா? ஒரு வார்த்த சொல்லலயே!"

"கொஞ்சமாத்தான் சார்."

"எப்ப இருந்து?"

"இப்ப கொஞ்ச நாளா."

அவர் முகம் மாறிவிட்டது. "நாந்தானம்மா ஒன்னய சால்டரிங் பக்கம் தூக்கிப் போட்டேன். அந்தப் பொகையிலதான் வந்துருக்கும். சொல்லிருக்கலாம்ல தாயி" என்றார். என் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள். அவர் பின்னால் நடந்தேன்.

எனக்கும் பாகலூர்ப் பெண்ணுக்கும் ஓர் அறை. ஜன்னல் இல்லாதது. இரண்டு கட்டில், ஒரு சின்ன மேஜை, அதன்மேல் சுவரில் பெரிய கண்ணாடி, டிவி, ஒரு குளியலறை. அவள் உள்ளே வந்ததுமே, "அக்கா, மொதல்ல பிளக் எங்க பாரு. போன் செத்துப் போச்சு" என்றாள். வழியெல்லாம் வீடியோவில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்திருந்தாள்.

இரண்டு பேரும் தேடினோம். கட்டில் தலைமாட்டில் விளக்குச் சுவிட்ச் மட்டும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் இருந்தது. டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள், டிவியின் வயரே சுவருக்குள் போய் மறைந்திருந்தது. கடைசியில் மேஜைமேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு பாயிண்ட் இருப்பதைக் கண்டுபிடித்தோம். ஒன்றில் தட்டையான ஓட்டைகள். அதில் எங்களிடம் இருந்த எதுவும் போகவில்லை. இன்னொன்றில் உருண்டையான இரண்டு ஓட்டை. அதில் இரண்டு முள் பிளக் போகும். அவள் ஆசையாகக் கொண்டுவந்த முடியை நேராக்கும் மெஷினுக்கு மூன்று முள். சொருகிப் பார்த்துவிட்டு, "அய்யோ தேவுடா, இத தூக்கினு வந்ததே வேஸ்ட்டு" என்று கட்டில்மேல் எறிந்தாள். இருந்த ஒரே பாயிண்டில் போனைப் போட்டுவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

என் கட்டில் மறுபக்கச் சுவரை ஒட்டி. மெஷினின் வயர் முழங்கை நீளம். அதை ஓட்ட வேண்டுமென்றால் நான் அந்த நாற்காலியில், அந்தக் கண்ணாடிக்கு எதிரே, கதவுக்கு நேராக உட்கார வேண்டும். எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கரையில் ஏதோ ஒரு அலமாரியில் இருந்தது.

"மேல போலாம் அக்கா, கெளம்பறத பாக்கலாம்" என்றாள்.

"தலவலியா இருக்குது, நீ போ."

"மெஷின் வெச்சிக்கறியா? வேணும்னா நான் போன எடுத்துக்கறன்."

"வேணாம், வேணாம். அப்புறமா வெச்சிக்கறன்."

அவள் போனதும் கதவைத் தாழிட்டேன். அவளுடைய சார்ஜரைக் கழற்றிவிட்டு மெஷினைச் சொருகி, துப்பட்டாவை மேலே போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பால் அப்போதுதான் இறங்க ஆரம்பித்தது. திடீரென்று அறைக்குள் இருந்த ஸ்பீக்கரில் சைரன் அடித்தது. கப்பல் கிளம்பும் முன் எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டோடு ஓரிடத்தில் கூட வேண்டும் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது என்று அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் வெளியிலிருந்து கூப்பிட்டார். அள்ளிச் சுருட்டி மெஷினைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். இறங்க ஆரம்பித்த பால் நிற்கவில்லை. சுடிதார் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

மேல்தளத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். விசில் எப்படி ஊதுவது, தண்ணீரில் எப்படிக் குதிப்பது என்று ஒருவர் செய்து காட்டினார். நல்ல வெயில். ஜாக்கெட்டுக்குள் பாலும் வேர்வையும் சேர்ந்து புளித்த வாடை அடித்தது. என் மூக்குக்கு அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் அடிக்கும்தானே. பாகலூர்ப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றபோது நான் ஒரு அடி தள்ளி நின்றேன். லீடர் வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, மூச்சு விட முடிகிறதா என்று நெஞ்சில் கையை வைத்துச் சைகையால் கேட்டார். முடிகிறது என்று தலையாட்டினேன்.

அறைக்குத் திரும்பியதும் அவள் மீண்டும் போனை மாட்டிவிட்டு, மாலை நிகழ்ச்சிக்குப் போகப் புடவை கட்ட ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. குளிக்கப் போகிறேன் என்று துண்டுக்குள் மெஷினைச் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். அங்கே கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னப் பாயிண்ட் இருப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் சவரம் செய்யும் மெஷின் படம் போட்டிருந்தது. பிளக் சரியாக உட்கார்ந்தது. மெஷின் ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, நிம்மதியில்.

பாட்டிலில் கால் பங்கு கூட ஏறியிருக்காது, மெஷின் நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டினேன், பிளக்கைக் கழற்றி மாட்டினேன். அசையவில்லை. அந்தப் பாயிண்ட் சின்ன சவர மெஷினைத்தான் தாங்கும், கொஞ்சம் கூட இழுத்தால் தானாக நின்றுவிடும் என்று கணவர் அப்புறம் சொன்னார். அப்போது எனக்கு மெஷின் செத்துவிட்டது என்றுதான் பட்டது. கை கழுவும் தொட்டியில் குனிந்து கையால் பிழிந்தேன். கல்லாகிவிட்ட பிறகு கைக்கு வராது. வலி தாங்காமல் அழுதேன். சத்தம் வரக் கூடாதென்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். அதனால் அழுகை விட்டு விட்டு, இழுத்து இழுத்து வந்தது.

வெளியே இருந்தவளுக்கு என்ன கேட்டிருக்கும்? மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு மெஷின் ஓடி நின்றது. அப்புறம் ஒருத்தி மூச்சு இழுக்கிற சத்தம்.

"அக்கா! ஏமாயிந்தி அக்கா? மூச்சு வர்தா?" என்று கதவைத் தட்டினாள்.

வாயிலிருந்து துண்டை எடுத்துப் பதில் சொல்வதற்குள் அவள் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, மெஷினைச் சுருட்டி, எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் புனல் கழிவறைக் கோப்பைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் குனிந்திருக்கும்போதே பல பேர் கால் சத்தம்.

"தாயி! கதவத் தொறம்மா! கேக்குதா? கதவ ஒடைக்கட்டுமா?" லீடரின் குரல் கிழிந்துபோயிருந்தது.

"ஒன்னும் இல்ல சார், வர்றன் சார்."

"தொறம்மா மொதல்ல!"

நிஜமாகவே கதவை உடைத்துவிடுவார் போலிருந்தது. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு திறந்தேன். வாசலில் லீடர். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியோடு கப்பல் ஊழியர் ஒருவர். ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ். எங்கள் இரண்டு பையன்கள். வராந்தாவில் பக்கத்து அறைக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பின்னால் தொட்டிமேல் மெஷினும் பாலிருந்த பாட்டிலும் வெளிச்சத்தில் இருந்தன. என் உடையில் ஈரம். ஒரு பையன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. லீடருக்குப் புரியவில்லை. "ஏம்மா, மூச்சு எப்டி இருக்கு? ஒக்காரு, இதுல ஒக்காரு" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

செத்துப்போகலாம் என்று சும்மா சொல்வார்களே, அந்த நிமிடம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

நர்ஸ் மலையாளி. ஒரு பார்வைதான் பார்த்தார். "எல்லாரும் வெளிய நில்லுங்க, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்தினார். பாகலூர்ப் பெண் மட்டும் உள்ளே இருந்தாள். நர்ஸ் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துத் தொட்டுப் பார்த்தார். "குழந்தைக்கு எத்ர மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். "பால் கட்டியிருக்கு. பயப்பட வேண்டா. இதுக்கு எதுக்குக் குட்டி ஆஸ்த்மானு சொன்னே? மெடிக்கல் மெஷின்னு சொல்லிக் கேட்டா கப்பல்லயே நீள வயர் தருவாங்க. ராத்திரி மூச்சுக்கு மெஷின் மாஸ்க் வெச்சுத் தூங்குற ஆளுங்க எல்லாம் தினமும் கேட்டு வாங்குறாங்க. வாயத் தொறந்து கேட்டா மதி, அவ்ளோதான்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அவர் போனில் சொன்னதும் ஊழியர் ஒரு வெள்ளை வயரைக் கொண்டுவந்து கதவிடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார். பாகலூர்ப் பெண் தன் போனைக் கழற்றிவிட்டு வயரைச் சொருகி, அதைத் தரையோடு இழுத்து என் கட்டில்வரை கொண்டுவந்தாள். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடியது. நர்ஸ் சூடான துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அவள் பாதி கட்டிய புடவையோடு கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் அன்னிக்கு கேண்டீன்ல சிரிச்சன் இல்ல," என்றாள். "அதுக்குதான அக்கா எங்கிட்ட சொல்லல?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை டீ வாங்க மேல்தளத்துக்குப் போனேன். லீடர் தனியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நர்ஸம்மா லேடீஸ் பிரச்சனன்னு சொன்னாங்க. சரி, அது வேற. வீசிங்குக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சார்..."

"நான் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே சேஃப்டி ஆபீசருக்கு மெசேஜ் போட்டுட்டேன்மா. சால்டரிங்ல புகை, புள்ளைக்கு இளைப்பு வந்துருச்சு, வேற எடத்துல போடணும், எக்ஸாஸ்ட் ஃபேன எல்லாம் செக் பண்ணணும்னு. நாந்தான் காரணம்னும் எழுதிட்டேன். எங்கம்மா இளைப்புலதான்மா போச்சு. கடைசில அது மூச்சுக்கு இழுத்தத இந்தக் கண்ணால பாத்தவன் நான். நேத்து ஒஞ் சத்தம்னு அந்தப் பிள்ள ஓடி வந்து சொன்னதும் எனக்குக் கை காலே ஓடல."

கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "எனக்கு வீசிங் இல்ல சார்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"அது பால் எடுக்கற மெஷின். பாப்பா இன்னும் குடிக்குது. நேத்து எல்லாரும் இருந்தாங்க, சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லிட்டன். மன்னிச்சிக்குங்க சார்."

அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். முகம் முழுக்கச் சிவந்து, கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா, அதனால என்ன, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைவிட அவர்தான் கூசிப்போனார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். நடுக்கடலில் சிக்னல் ஏது? அனுப்பிய செய்தி ஓசூரில் யாரை எப்படி ஆட்டிக்கொண்டிருக்கிறதோ, தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம்.

கரை நெருங்கும்போது எல்லார் போனும் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பித்தன. லீடருடைய போன் நிற்காமல் கத்தியது. ஆபீசர் அவர் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை சால்டரிங் பகுதியில் இருக்கும் அத்தனை பேருக்கும் நெஞ்சுப் பரிசோதனை, டாக்டர் வருகிறார், லைன் பாதி நாள் நிற்கும் என்று கம்பெனி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். லீடர் ஓரமாகப் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையோ டைப் செய்தார். அனுப்பும் முன் என்னிடம் நீட்டினார். 'யாருக்கும் இளைப்பு இல்லை. நான் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன்' என்று இருந்தது. என் பெயரே அதில் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கலக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாங்காமலேயே வேனில் ஏறிவிட்டோம்.

வீட்டு வாசலில் தங்கை இடுப்பில் இருந்த மகள் என்னைப் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரே தாவாகத் தாவி வந்து சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லீடர் மறுத்து எழுதியும் திங்கட்கிழமைப் பரிசோதனை நிற்கவில்லை. டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, நடக்கட்டும் என்றார்கள். சால்டரிங் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு குழாயில் ஊதினோம். "யாருக்குடி வீசிங்? யாரால இந்தத் தலவலி?" என்று முன்னாலும் பின்னாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் ஊதினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

அது முடிந்ததும் ஆபீசர், லீடரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை. சரியாக விசாரிக்காமல் எழுதலாமா, உற்பத்தி எவ்வளவு போயிற்று தெரியுமா என்று சத்தம் போட்டார். லீடர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆமா சார், என் தப்புதான் சார்" என்று நின்றார். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். என் கால் தானாக உள்ளே போயிற்று.

"நான்தான் சார் சொன்னன்," என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"வீசிங் இருக்குதுன்னு. இல்ல சார். போர்ட்டுல பைய செக் பண்ணும்போது பால் எடுக்கற மெஷின் இருந்துச்சு. என்னான்னு கேட்டாங்க. சொல்ல வெக்கப்பட்டுனு அப்டி சொல்லிட்டன். சார் மேல தப்பு இல்ல."

ஆபீசர் என்னையும் லீடரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "ஓகே, ஓகேம்மா. நீங்க போங்க" என்றார். வெளியே வந்தால் வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மதியத்துக்குள் எல்லா லைனுக்கும் தெரிந்துவிட்டது. கேண்டீனில் சொசைட்டி என்று சொன்ன அந்தப் பெண் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இன்னொரு கேலி வரப்போகிறது என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "இதுல இன்னா இருக்குது? சொல்லித் தொலச்சிருந்தா அந்த மனுசன் திட்டு வாங்கியிருப்பாரா?" என்றாள். அவள் சொன்னது நியாயம். அவள் வாயிலிருந்து அது வந்ததுதான் தாங்கவில்லை. பாகலூர்ப் பெண் தெலுங்கில் அவளிடம் சூடாக ஏதோ சொன்னாள். எனக்காகச் சண்டை போட்டாள் என்று தெரிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மகள் அடுத்த சில வாரத்தில் தானாகவே பாலை மறந்துவிட்டாள். மெஷினைத் துடைத்துப் பெங்களூருக்கே அனுப்பிவிட்டோம். முதலுதவி அறையில் அதற்கப்புறம் ஒரு திரை கட்டி, திரைக்கு உள்பக்கம் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தார்கள். யார் கேட்டு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

நாங்கள் கப்பலில் எடுத்த படங்களைக் கம்பெனி நுழைவாயில் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் நான் கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கிறேன். கெத்தாக நிற்பதாகப் பையன்கள் சொன்னார்கள். ரொம்ப நாள் தலையைக் குனிந்தபடிதான் அந்த இடத்தைத் தாண்டிப் போனேன்.

லீடர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார். கம்பெனி பஸ்ஸில் சில நாள் பார்ப்பேன். "பாப்பா பேசுதா? ஸ்கூல்ல சேத்தாச்சா?" என்று விசாரிப்பார். முன்பெல்லாம் காலையில் பார்த்ததும் யாரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, ஒடம்பு எப்டிம்மா இருக்கு என்பதுதான். மற்றவர்களிடம் இன்றும் அப்படித்தான் கேட்கிறார். என்னிடம் மட்டும் கேட்பதில்லை. நானும், நல்லா இருக்கன் சார் என்று வலியச் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். என் ஸ்டாப் வந்ததும் இறங்கிவிடுவேன்.